நான்காவது முறை வந்தவள்

கல்லூரிக்கு மனநல ஆலோசகராக அவள் வந்து சேர்ந்த அன்றே, அலுவலக உதவியாளர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நேரம் வாங்கிய மாணவர் மூன்று முறை வராவிட்டால் கோப்பை மூடிவிட வேண்டும். இத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒரே ஆலோசகர். வராதவர்களை வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க முடியும்?

இன்று முதலாமாண்டு மாணவி ஒருத்தி மூன்றாவது முறையாக வரவில்லை. மாலை நான்கரை வரை பார்த்தாள். இருப்புக் கொள்ளவில்லை. இருந்தாலும் கோப்பை மூடி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அறைக்கு வெளியே மர பெஞ்சு கிறீச்சிட்டது.

எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. நனைந்த துணியின் வாடை மட்டும் வந்தது. மழை பெய்து ஒரு மாதமாகிறது.

திரும்பினாள்.

கோப்பு மேசைமேல் திறந்து கிடந்தது.

உதவியாளரைக் கூப்பிட்டாள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. போன வருடம் இப்படித்தான் ஒரு பெண்ணின் கோப்பை மூடினார்களாம். அந்த வாரமே அவள் உயிரை மாய்த்துக்கொண்டாளாம்.

"கோப்பை மூடின பிறகு நாலாவது தடவை அந்தப் பொண்ணு வந்துச்சு மேடம். மழையில நனைஞ்சுட்டு. புதுசா நேரம் கேட்டு எழுதிக் கொடுன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன்."

ஆலோசகர் இன்று வராத மாணவியை அழைத்துப் பார்த்தாள். மாணவியின் போன் அணைந்திருந்தது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது என்று விடுதிக்கு ஓடினாள்.

அறைக் கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் அழுது வீங்கிய முகத்தோடு அந்த மாணவி.

"நீங்க வருவீங்க, கதவைச் சாத்தாதேன்னு அந்த அக்கா சொன்னாங்க."

"எந்த அக்கா?"

"தலையெல்லாம் நனைஞ்சு இருந்துச்சே, அவங்க."

ஆலோசகர் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஆனால் இப்போது கேட்க வேண்டியது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாம்மா?"

மாணவி ஆமென்று தலையாட்டினாள். பிறகு உடைந்து அழுதாள். ஆலோசகர் அவளைத் தனியே விடவில்லை. கைபிடித்துத் தன் அறைக்கு அழைத்து வந்து, வீட்டுக்குச் சொல்லி அனுப்பி, அவள் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வந்து மகளை அணைத்துக்கொண்ட பிறகுதான் ஆலோசகருக்கு மூச்சு வந்தது.

மறுநாள் காலைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிக் கொடுத்து, இருவரையும் தன் அறை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். மாணவி வெறும் பெஞ்சைப் பார்த்து நின்றாள்.

"அக்கா இன்னும் உக்காந்திருக்காங்களே. அவங்களை எப்போ கூப்பிடுவீங்க?"

அம்மாவும் மகளும் போய்விட்டார்கள். ஆலோசகர் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் கதவை அகலத் திறந்து பிடித்தாள்.

"உள்ள வாம்மா."

பெஞ்சு கிறீச்சிட்டது.

வறண்ட தரையில், வாசற்படியைத் தாண்டி, ஈரப் பாதம் ஒன்று பதிந்தது.