ஷவருக்கு நேரே ஒரு ஜன்னல்

பக்கவாதம் வந்த அப்பாவை மருத்துவமனையிலிருந்து அழைத்துவர இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. அதற்குள் அவர் உட்கார்ந்து குளிக்கத் தோதாகக் குளியலறையை மாற்றியாக வேண்டும். வேலைக்கும் வார்டுக்குமாக அலைந்து ஓய்ந்துபோயிருந்த மகள், மத்தியானம் மேஸ்திரியோடு வந்து கதவைத் திறந்தாள். அந்தப் பழைய வீட்டை வாங்கி ஒரு மாதமாகிறது. ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

குளியலறையில் ஊறிய மரத்தின் வாடை. ஷவருக்கு நேரே ஒரு ஜன்னல், மங்கலான பால்நிறக் கண்ணாடி போட்டது. தண்ணீர் பட்டுப் பட்டுச் சட்டம் உளுத்திருந்தது.

"செங்கல் வெச்சு அடைச்சு, மேல டைல்ஸ் ஒட்டிடலாம்மா."

"அடைச்சிடுங்க. நான் குளிக்கிறப்பல்லாம் பக்கத்து வீட்டுலேர்ந்து யாரோ வந்து நிக்கிறாங்க. கண்ணாடியில நிழல் தெரியுது. சண்டை போடக்கூடத் தெம்பில்ல."

"உங்க நிழலா இருக்கும்."

"நான் குனிஞ்சாலும் அது நிமிந்தேதான் நிக்குது."

மேஸ்திரி சட்டத்தை நெம்பி எடுத்து எட்டிப் பார்த்தார். வெளியே நாலு விரல் இடைவெளி. அதற்கப்பால் பக்கத்து வீட்டின் மொட்டைச் சுவர். ஒரே இருட்டு.

அவர் திரும்பி, கதவுக்கு மேல் எரிந்த பல்பைப் பார்த்தார்.

"அங்க பூனைகூட நிக்க முடியாதும்மா," குரல் தாழ்ந்தது. "வெளிச்சமும் உள்ளேர்ந்துதான் வருது. அப்ப நிழல்..."

சட்டத்தைக் கீழே வைத்தார்.

இத்தனை நாளும் அது நின்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறு வீடு தேடலாம். யார் தேடுவது? எப்போது?

"என்னம்மா செய்ய?"

"அடைச்சிடுங்க. அப்பா வர்றதுக்குள்ள முடியணும்."

மூன்றாம் நாள் சுவர் வழவழவென்றிருந்தது. அப்பா வந்த மறுநாள் காலை அவரை ஷவருக்கடியில் இருக்கையில் உட்காரவைத்தாள். இடது கை விழுந்திருந்தாலும் அவருக்குக் கூச்சம் போகவில்லை. "நீ வெளிய இரும்மா. நானே பாத்துக்கறேன்."

கதவை ஒருக்களித்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

தண்ணீர் விழும் சத்தம்.

நடுவே அப்பா மெல்லச் சிரித்தார்.

அவள் பாய்ந்து உள்ளே போனாள். அவர் மட்டும்தான் இருந்தார். துண்டைச் சுற்றி, தாங்கிப் பிடித்து, கட்டில்வரை கொண்டுவந்து சேர்த்தாள். துடைக்கும்போதுதான் பார்த்தாள். அவர் கை எட்டவே முடியாத நடுமுதுகு, நன்றாகத் தேய்த்துச் சிவந்திருந்தது.

"ஆள் வெச்சிருக்கியா? சொல்லவே இல்ல," என்றார் அப்பா. "நல்லாத் தேய்ச்சு விட்டுச்சு அந்தப் பொண்ணு. கைதான் ரொம்ப ஜில்லுனு இருக்கு. நாளைக்கும் வரச் சொல்லு. நீயும் தனியா எவ்வளவுதான் பாப்ப?"

அந்தக் கடைசி வார்த்தைகள் ஒரு கணம் ஆறுதலாக இருந்ததுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

ஷவரை மூடாமல் வந்துவிட்டாள். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து போகக் கால் வரவில்லை.

குழாய் திருகும் சத்தம் கேட்டது.

தண்ணீர் நின்றது.