இருபதில் ஒரு பங்கு

முதியவர்கள் யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று பார்க்கும் சார்புக் கணக்கெடுப்பில் கேட்ட இருபது கேள்விகளுக்கும் மிக்கேல்ராயர் ஒரே பெயரைச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அமலி. மருந்து யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அமலி. மனம் சரியில்லை என்றால் யாரோடு பேசுவீர்கள்? அமலி. யாரோடு சண்டை போடுவீர்கள்? அதற்கும் அமலிதான்.

தூத்துக்குடியில் ஓய்வூதியம் வாங்கும் ஒருவரும் செய்யாத காரியம் இது. கணக்கெடுப்பு வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே தெருவில் பெயர் மாற்றிக்கொள்வார்கள். என் காய்ச்சலுக்கு உன் பெயர், உன் காய்ச்சலுக்கு என் பெயர். கணக்கெடுக்கும் பரவி என்ற இயந்திரமும் கேட்டுக்கொண்டு போய்விடும். அவர் மனைவி அமலி என்ற அமலோற்பவமும் அப்படித்தான் பத்தொன்பது பெயர்களை அளந்துவிட்டு வந்திருந்தாள். சண்டைக்கு மட்டும் பொய் தேவைப்படவில்லை, சாக்கடைத் தண்ணீருக்காக நித்தம் மல்லுக்கு நிற்கும் எதிர்வீட்டு ஞானப்பூ இருந்தாள்.

“கேட்டாவ, சொன்னேன். உள்ளதத்தான சொன்னேன்” என்றார் மிக்கேல்ராயர்.

“உள்ளதச் சொல்ல அது என்ன சாமியார் ஒக்காந்திருக்க பாவசங்கீர்த்தனத் தொட்டியா? ஊரே பொய் சொல்லுது, ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

திட்டிக்கொண்டே அவர் முகத்தை நிமிர்த்தி இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டாள். கப்பலில் சமையல்காரராக இருந்த மனிதர். பார்வை மங்கிய பிறகும் அடுப்படியை விட்டுக்கொடுக்கவில்லை. கைப்பழக்கத்திலேயே குழம்பு வைப்பார். அவருக்குக் கண் அவள், அவளுக்குச் சோறு அவர். வெளியே சொல்லிக்கொள்ளாத ஏற்பாடு இப்போது அரசாங்கத்துக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாளே இருவருக்கும் ஓய்வூதியம் நின்றது. மாவட்ட அலுவலர் கலைவேந்தன் நேரில் வந்தார். நல்ல மனிதர், அதனால் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“செறிவு எச்சரிக்கைக்கா. அண்ணனோட முதுமை முழுசும் ஒங்க ஒருத்தர் மேலயே நிக்குது. பிரிச்சு வைக்கணும்னு பரவி சொல்லுது.”

“எத?”

“அண்ணன. இருபது வீட்டுக்கு. வாரம் ஒரு வீடுன்னு சுத்தி வருவாவ. ஒங்க வீட்டுக்கும் வாரம் ஒருத்தர் வருவாவ. ஒத்துக்கிட்டா பணம் வந்துரும்.”

“ஒத்துக்கிடலன்னா?”

கலைவேந்தன் தரையைப் பார்த்தார். “வராதுக்கா. மருந்துச் செலவும் அதுலதான வருது.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விதியைக் கொண்டுவந்தவளே அமலோற்பவம்தான். அவள் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டிய காலத்தில், தொழிலாளர் ஓய்வூதியம் மொத்தத்தையும் ஒரே கப்பல் நிறுவனத்தில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த நிறுவனம் திவாலானபோது ஊரில் பாதிப் பேருடைய முதுமையும் கூடவே மூழ்கியது. சங்கச் செயலாளராக அவள் கொடி பிடித்தாள், தடியடி பட்டாள், கடைசியில் சட்டத்தையே வாங்கினாள்: எவருடைய முதுமையும் எந்த ஒன்றின் மீதும் இருபதில் ஒரு பங்குக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. ‘எந்த ஒன்றின் மீதும்’ என்ற சொற்களை அவளே அடம்பிடித்துச் சேர்த்தாள். விதிவிலக்கு என்று ஒரு சந்து விட்டால் முதலாளிகள் அதற்குள் லாரியே ஓட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சட்டத்தை நடத்தப் பரவியைச் செய்தார்கள். அது பணத்தை உப்பளத்திலும் காற்றாலையிலும் வெளிநாட்டு ரயிலிலும் நெல்லிலும் பிரித்துப் போட்டது. பிரிப்பது மட்டும் போதாது, எல்லாம் ஒரே நேரத்தில் விழுகிற சாமான்களாக இருக்கக் கூடாது. மழை பெய்து உப்பு கரைந்தால் நெல் கைகொடுக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவற்றைத் தேடித்தேடிச் சேர்ப்பதில் பரவி கெட்டி. பணம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

பிறகு அது வேறொன்றையும் கண்டுபிடித்தது. சந்தை விழுவதைவிடத் துணை இறப்பதுதான் முதியவர்களை அதிகம் சாய்க்கிறது. கணவர் போனால் மனைவி படுத்துவிடுகிறாள், செலவு ஏறுகிறது. ஆகவே பணத்தைப் பரப்பியதுபோல மனிதர்களையும் பரப்பத் தொடங்கியது. கணக்குப்படி அதில் பிழை சொல்ல முடியாது. அமலோற்பவத்துக்கு வயிறெரிந்ததும் அதனால்தான்.

“விசாரண வைக்கச் சொல்லுங்க, நான் வாரேன்” என்றாள் அவள். “இவியளயும் கூட்டிட்டு வருவேன். ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டுத்தான் வருவோம், அதையும் அந்த மிசினு பாத்துக்கிடட்டும்.”

விசாரணைக்கூடத்தில் தெருவே கூடியிருந்தது. முன்வரிசையில் ஞானப்பூ, அமலி தோற்பதைப் பார்க்க வந்தவள்போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மிக்கேல்ராயரைப் பிரித்து வைக்கச் சம்மதமா?” என்று பரவி கேட்டது. கடுமையில்லாத குரல்.

“சம்மதமில்ல. ஒரு கணக்கு மட்டும் போட்டுச் சொல்லு. இந்த ஊர்ல முதியவங்களோட பணம், மருந்து, வீடு இதெல்லாம் எவ்வளவு ஒன் மேல நிக்குது?”

பரவி பொய் சொல்லும்படி செய்யப்பட்டதல்ல. “முழுவதும்” என்றது.

“நாளைக்கு நீ நின்னுட்டா?”

“அனைத்தும் நிற்கும்.”

“அப்ப எம் புருசன் எனக்கு ஆபத்துன்னா நீ யாரு? இருபது உண்டியல வாங்கி ஒரே வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, பிரிச்சு வச்சிட்டேன்னு சொல்லுத. வீடு எரிஞ்சா? எந்த ஒன்றின் மீதும்னு சட்டத்துல எழுதுனது நான். அதுக்குள்ள நீயும் வருவ. மொதல்ல ஒன்னப் பிரி, அப்புறம் எங்க வீட்டுக்கு வா.”

கலைவேந்தன் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பரவி தீர்ப்புச் சொல்லிவிட்டது.

“வாதம் சரி. இதைவிடப் பெரிய செறிவு இந்த மாவட்டத்தில் இல்லை. அதைக் குறைக்கும்வரை சிறிய வழக்குகள் நிறுத்தப்படுகின்றன. மிக்கேல்ராயர், அமலோற்பவம் ஓய்வூதியம் விடுவிக்கப்படுகிறது. வரும் மாதம் முதல் என் பொறுப்பு இருபதில் ஒரு பங்கு. மீதிப் பத்தொன்பது பங்குக்கும் ஒவ்வொருவரும் தம் பணத்தையும் மருந்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர்களைத் தாமே தேர்ந்துகொள்ளலாம்.”

கூடம் கைதட்டியது. மிக்கேல்ராயர் மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் காலை கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாசலிலிருந்து கோயில் முனைவரை வரிசை. தடியூன்றியவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள், சங்கத்துப் பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். கலைவேந்தன் வேர்த்துப்போய் ஓடிவந்தார்.

“யக்கா, பொறுப்பாளர் பேரக் குடுக்கச் சொன்னோம்லா. பத்தொன்பது பேரு குடுக்கணும். எல்லாரும் பத்தொன்பது எடத்துலயும் ஒங்க ஒரு பேரத்தான் சொல்லிருக்காவ. பரவி எச்சரிக்க அனுப்பிருக்கு. மாவட்டத்துலயே பெரிய ஆபத்து இப்ப நீங்கதானாம்.”

உள்ளேயிருந்து மிக்கேல்ராயரின் சிரிப்பு கேட்டது. “நான் சொன்னா மட்டும் தப்பு.”

அமலோற்பவத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படியில் ஏறி நின்றாள். துறைமுகத்தில் பேசிய அதே குரல் இன்னும் மிச்சமிருந்தது.

“ஏன் இப்படி எல்லாரும் எம் மேல வந்து விழுதிய? கப்பக் கம்பெனிய நம்புனிய, மூழ்குனிய. மிசின நம்புனிய, அது புருசன் பொஞ்சாதியப் பிரிக்க வந்துச்சு. இப்ப நானா? நான் செத்துப்போவேன். எனக்குப் புத்தியும் தப்பும். யாரு சொன்னாலும் அப்படியே கேக்காதிய. நான் சொன்னாலும் கேக்காதிய.”

“சரிக்கா” என்றது தெரு, ஒரே குரலில்.

அவள் தலையில் கைவைத்தாள். கொடி பிடித்துத் தோற்ற நாட்களில்கூட இவ்வளவு சோர்ந்ததில்லை.

“நான் கேக்க மாட்டேன்.”

எதிர்வீட்டு வாசலிலிருந்து வந்தது அந்தக் குரல். ஞானப்பூ கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “இவ என்ன பெரிய இவளா? சாக்கடத் தண்ணி எங்க போவணும்னே இவளுக்குத் தெரியல. எம் பணத்த இவகிட்ட குடுப்பேனா? இவ கிழக்கன்னா நான் மேற்குதான்.”

வரிசையில் நின்றவர்கள் அவளை அடக்கப் பார்த்தார்கள். அமலோற்பவம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். ஞானப்பூவின் எதிரில் போட்டுத் துடைத்தாள்.

“ஒக்காரு. மொதப் பொறுப்பாளர் கெடச்சாச்சு. இன்னும் பதினெட்டு பேரு வேணும், ஒன்ன மாதிரி ஒத்துப்போவாத ஆளா.”

“எதுக்குடி நான் ஒக்காரணும்?” என்று கேட்டபடியே ஞானப்பூ உட்கார்ந்தாள்.