மஞ்சளுக்குப் போனவர்

காலை ஆறு மணிக்குப் பேச்சுப்பெட்டியைச் சுவர் பிளக்கில் செருகுவேன். பல் தேய்ப்பதெல்லாம் அப்புறம்தான். அது கொஞ்சம் கரகரத்துவிட்டு, எங்கள் குடியிருப்பின் சிவப்புத் தடத்திலிருக்கும் முந்நூறு வீட்டுக் குரல்களையும் கொண்டுவந்து கொட்டும். பால் வரவில்லை என்பாள் ஒருத்தி. இடுப்பு வலி என்பார் ஒருவர். இவர்களுக்கெல்லாம் விடியற்காலையில் என்னதான் பேச்சோ என்று முணுமுணுத்துக்கொண்டு, நான் ஒரே ஒரு குரலுக்காகக் காத்திருப்பேன்.

"மேடம், எழுந்தாச்சா? இன்னிக்கு யார் மேல கோபம்?"

அமலதாஸ் சாரின் காலை வணக்கம் இது. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கணக்கு டீச்சராக இருந்தவள், தனிக்கட்டை. ஆறு வருஷம் ஒருநாள் விடாமல் பேசினோம். முகம் பார்த்ததில்லை.

சூரியப் புயல் அடித்த வருஷத்தோடு வானலை செத்துப்போனது. காற்றில் இரைச்சலைத் தவிர ஒன்றும் வருவதில்லை. அப்போது கைகொடுத்தது வீட்டுச் சுவருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கரண்ட் ஒயர்தான். பேச்சு, படம் எல்லாம் அதிலேயே ஏறி வந்தன. மின்தடம் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு ஒரு குணம் உண்டு. ஒரு ஃபேஸில் ஏறிய பேச்சு அடுத்த ஃபேஸுக்குத் தாவாது, டிரான்ஸ்ஃபார்மரையும் தாண்டாது. அதனால் எங்கள் தொள்ளாயிரம் வீடுகளும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஊராகிப் போயின. திருட்டுப் பயத்தில், வீட்டு எண்ணைத் தடத்தில் சொல்லக் கூடாது என்று சட்டமும் வந்தது. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கலர்?"

போன சித்திரையில் வோல்டேஜ் இறங்கி, என் மின்விசிறி நகரவே மாட்டேன் என்றது. தடத்தில் புலம்பித் தீர்த்தேன். அமலதாஸ் சார் சிரித்தார். "குறை சொல்லலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே மேடம்." கேட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குச் சுரீரென்று வந்தது. எழுந்துபோய் ஃபேஸ் மாற்றியை நீலத்துக்குத் திருப்பினேன். மின்விசிறி பறந்தது. மாற்றியின் மேல் பூட்டு விளக்கும் எரிந்தது. ஆளாளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரு ஃபேஸில் சுமை ஏறிவிடும் என்பதால், வருஷத்துக்கு ஒரு தடவைதான் திருப்ப முடியும். எனக்குத் தெரியாததா? தெரிந்தேதான் திருப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு மூளை எங்கே போயிருந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

நீலத்தில் முதல் நாள் வணக்கம் சொன்னேன். "சிவப்பா?" என்று ஒரு குரல் கேட்டது. ஆமாம் என்றேன். அதோடு சரி. வேறு கலரிலிருந்து வந்தவர்களிடம் யாரும் ஒட்டமாட்டார்கள், அது எங்கள் குடியிருப்பின் வழக்கம். அந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பதில் சொன்னவர் ஒருவருமில்லை. சில நாட்கள் என் குரலை நானே கேட்க வேண்டுமென்று வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறேன். அழுதும் இருக்கிறேன்.

வருஷம் முடிந்த அன்று காலை பூட்டு விளக்கு அணைந்ததும் சிவப்புக்குத் திருப்பினேன். "தாஸ் சார்" என்று கூப்பிட்டேன். பதிலுக்கு வந்தது பிலோமினாவின் குரல். இடுப்பு வலிக்காரரின் மனைவி.

"டீச்சரா? ஐயோ, நீங்க போன மூணாம் நாளே அவர் உங்களத் தேடிக்கிட்டு மஞ்சளுக்குப் போயிட்டாரே. சிரிச்சது தப்பு, மன்னிப்புக் கேக்கணும்னாரு. அங்க இல்லேன்னா அடுத்த வருஷம் நீலத்துல பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் மூன்று நாளில் அவருடைய பூட்டும் விலகும். நான் விட்டுவந்த நீலத்துக்கே அவர் போய்விடுவார். நான் இங்கே இன்னொரு வருஷம் மாட்டிக்கொண்டு கிடப்பேன். அதற்குள் மஞ்சளில் யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும், மங்களேஸ்வரி சிவப்பில் இருக்கிறாள் என்று.

கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தேன். ஒவ்வொரு கதவின் மேலும் கலர்ப் பொட்டு உண்டு. பக்கத்து வீட்டில் மஞ்சள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கதவை நான் தட்டியதே கிடையாது. தட்டினேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி சங்கிலியை விலக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"அவசரம்மா. உங்க தடத்துல அமலதாஸ்னு ஒருத்தர் இருக்காரா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மங்களேஸ்வரி மேடமா?"

"என் பேர் உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் காலை ஆறு மணிக்கு அந்தப் பேரச் சொல்லித்தானே கூப்பிடுவாரு. 'மங்களேஸ்வரி மேடம் இருக்காங்களா?'ன்னு ரெண்டு தடவ கேப்பாரு. அப்புறம், தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சுக்கங்கம்பாரு."

"நீங்க யாரும் பதில் சொல்லலையா?"

"சிவப்புலேருந்து வந்தவரு..." அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரும் பேசல. நானும் பேசல. கார்த்திகையோட நின்னுடுச்சும்மா. என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கல."

ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. ஆனால் சிவப்பில் வந்து சேர்ந்த எத்தனை பேருக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன்? ஒருவருக்குமில்லை.

அவள் சங்கிலியை விலக்கினாள். "உள்ள வாங்கம்மா."

"உன் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

காட்டினாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான அரையடிச் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்தது. அதற்கு நேர் அந்தப் பக்கம் என் கட்டில். போன வருஷம் முழுக்க, காலை ஆறு மணிக்கு, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டுதான் நான், "யாராவது இருக்கீங்களா?" என்று நீலத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.