ஒரு போர்வைக்குள்

குதிரை இன்றைக்கும் பகீசோவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், ஓர் ஆள் உயரத்தில், எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டிலில் வேறு யாரும் இல்லை. கல்சுவர், கூரைப்புல்லிலிருந்து சொட்டும் பனிநீர், ஈர வைக்கோலும் சாணப்புகையும் கலந்த வாடை, அவ்வளவுதான். இருந்தும் ஒரு தடவை திரும்பிப் பார்த்த பிறகே அவன் உள்ளங்கையில் உப்பைக் கொட்டினான்.

பனி விழத் தொடங்கிய வாரம் குதிரை லேருவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூக்கில் சீழ் வடிந்து, கால் மடங்கிப் படுத்துவிட்டது. அதன் சொந்தக்காரன், பகீசோவின் அண்ணன் லெஃபாவும் அதே வாரம் இருமிக்கொண்டு விழுந்தான். வீட்டில் கனத்த கம்பளிப் போர்வை ஒன்றே ஒன்று. இந்த மலைகளில் லேருவைப்போல் ஓடும் குதிரை கிடையாது; வரப்போகும் பந்தயத்தில் அதுதான் ஜெயிக்கும். அண்ணன் எப்படியும் தேறமாட்டான் என்று பகீசோ தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டான். அண்ணி மருந்துக்கு அடிவாரம் போயிருந்த இரவில் போர்வையை உருவினான்.

"குளிருதுடா தம்பி" என்றான் லெஃபா. அதற்குமேல் கெஞ்சவில்லை. திறந்த கதவு வழியாக, தன் போர்வை குதிரை முதுகில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

அண்ணி திரும்புவதற்குள் பகீசோ உடலைச் சாக்கில் சுற்றி, மேலே மாட்டுத்தோல் வைத்துத் தைத்துவிட்டான். செத்தவனோடு அவன் போர்வையும் போகவேண்டும் என்பது முறை. உள்ளே இருக்கிறது என்று சொன்னான். தையலைப் பிரித்தா பார்க்கப்போகிறார்கள்?

குதிரை பிழைத்தது. ஆனால் அவனைக் கண்டாலே காதை மடித்துச் சுவரோடு ஒட்டி நடுங்கியது. வெதுவெதுப்பான தவிட்டுக்கூழ் வைத்தான், தூர நின்றே பேச்சுக் கொடுத்தான், வேலியோரம் பத்தடி நடத்தவும் பார்த்தான். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில், பழகிய வாசனை இருந்தால் படியும் என்று அண்ணனின் போர்வையை எடுத்துப் போர்த்தி, தோளில் பெரிய ஊசியால் பூட்டிக்கொண்டான். அன்றுதான் லேரு முதல்முதலாக அவனை நோக்கி வந்தது.

இப்போதும் வந்தது. கழுத்தை நீட்டியது. உள்ளங்கை உப்பைத் தொடாமல், அவன் தோளைத் தாண்டி, வெறும் காற்றை நக்கியது. தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. லெஃபாவிடம் மட்டும் கனைக்கும் கனைப்பு.

"தம்பி."

மாபலேசா அண்ணி வாசலில் நின்றாள், துக்கக் கறுப்புத்துணியோடு. பார்வை போர்வையின் மேல் இருந்தது.

"இது எப்படி வெளிய வந்துச்சு?"

"இது வேற, அண்ணி. கடையில ஒரே மாதிரி நூறு தொங்குது."

"ஓரத்துல தீ பட்ட எடம். நான்தான் தச்சேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பகீசோ குரலை இறக்கினான். "இது இல்லாட்டி குதிரை கிட்ட சேக்காது. பந்தயம் முடியட்டும். புதைச்சிடறேன்."

"போர்வை இல்லாம அனுப்புனா அவங்க போய்ச் சேரமாட்டாங்க. போத்திக்க எடம் தேடுவாங்க."

"பயமுறுத்தாதீங்க."

அவள் அவனைப் பார்க்கவில்லை. குதிரை பார்த்த இடத்தையே பார்த்தாள். பிறகு பின்வாங்கி, "வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வராத" என்றாள். சற்று நேரத்தில் அவள் கதவில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

குதிரையைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்கால மூடுபனி பள்ளத்தாக்கை நிரப்புவதற்குள் ஒரு சுற்று போய்வரலாம் என்று சேணம் பூட்டினான். லேரு அசையாமல் நின்று கொடுத்தது. ஏறியதும் அதன் முதுகு ஒரு முறை தணிந்தது. அவன் அமர்ந்து முடித்த பிறகு, இன்னொரு முறை தணிந்தது.

இளைத்த குதிரை, பாவம், என்று தேற்றிக்கொண்டான்.

கடிவாளத்தைக் கிழக்கே இழுத்தான். லேரு மேற்கே திரும்பியது. அண்ணனைப் புதைத்த மேட்டைத் தாண்டியது, நிற்கவில்லை. பனி மூடிய கணவாயை நோக்கி நிதானமாக ஏறியது. குளம்புச் சத்தம். தோல் வாரின் முனகல். பிறகு ஓர் இருமல்.

தன் இருமல் இல்லை.

காது பக்கத்தில்.

போர்வை முதுகில் நனைந்து கனத்தது. குதிக்கப் பார்த்தான்; கால் மரத்திருந்தது. தோள் ஊசியைப் பிடுங்கினான். கம்பளி கழன்றது. கீழே விழவில்லை. பின்னால் யாரோ பிடித்திருந்தார்கள்.

"அண்ணே" என்றான்.

லேரு இரண்டு காதுகளையும் ஆசையாய்ப் பின்னுக்குத் திருப்பியது.

"நகந்து உக்காருடா தம்பி."

சில்லென்ற இரு கைகள் விலாவைச் சுற்றி வந்தன. போர்வையை இழுத்து இருவரையும் சேர்த்து மூடின. அவன் விரலிலிருந்து ஊசியை மெல்ல வாங்கின.

தொண்டைக்குக் கீழே, போர்வையின் உள்பக்கமிருந்து, ஊசி பூட்டிக்கொண்டது.