பதினாலாம் வீட்டுப் புள்ளி

மூக்கையா குப்புறக் கிடந்தார்.

பாதி மட்டம் வெட்டிய புதிய விளையாட்டு மைதானத்தின் நடுவே... முதுகில் மூன்று வெட்டு! வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

"சேர்... நம்ம மூக்கையா அண்ணன் சேர்!" நகரசபையில் பிளான் அச்சடிக்கும் ஹுஸைன் வாயைப் பொத்திக்கொண்டான்.

1983 ஜூலை, இலங்கை மலைநாடு. பேராதனைக்கும் நாவலப்பிட்டிக்கும் நடுவே வளர்ந்துகொண்டிருந்த அந்தச் சின்ன நகரத்தில் இனக்கலவரத் தீ அணைந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அம்பிகைபாகன் முழங்காலில் விழுந்தான். நகரசபையின் படவரைஞன் அவன். இரண்டு வருடமாக மூக்கையா அளவுச் சங்கிலி பிடிக்க, வீடு வீடாக ஏறி இறங்கியவன். வைத்தியசாலை எங்கே, சனசமூக நிலையம் எங்கே, மைதானம் எங்கே... எல்லாம் அவன் பேனை கீறியது.

விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான்.

ஒரு கடதாசிக் கிழிசல்!

அவனுடைய வரைபடம்.

வீடுகள். இலக்கங்கள். சில வீடுகளுக்குள் மட்டும் ஒரு புள்ளி.

"புள்ளி வச்ச வீடெல்லாம்தான் எரிஞ்சிருக்கு சேர்..." ஹுஸைன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

தமிழ் வீடுகளுக்குப் புள்ளி வைத்தவன் அம்பிகைபாகன்தான்! புதிய வைத்தியசாலைக்குத் தமிழ் தெரிந்த தாதிமார் எத்தனை பேர் வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதுவதற்காக. அவன் வீட்டுக்கும் ஒரு புள்ளி. அந்த வீடு இப்போது சாம்பல்.

"ஹுஸைன்... இஞ்சை பாரும். பதினாலாம் வீட்டிலையும் புள்ளி!"

"அது சிங்கள பிரின்சிபல் மாத்தயா வீடாச்சே? அதையும்தான் கொளுத்திட்டானுவள். அவரு சிங்களத்துல கத்தினதையும் கேக்கல்ல."

"அது என்ரை பிழை. அங்கை முன்னறையிலை வாடகைக்கு இருந்த தமிழ் டீச்சர் மாற்றலாகிப் போனது தெரியாமல் வச்சிட்டன். மூக்கையா சொன்ன பிறகு மூலப்படத்திலை பிளேட்டாலை சுரண்டினன்."

ஹுஸைன் தலையில் கை வைத்தான்.

"சுரண்டுறதுக்கு முந்தி நான் ஒரேயொரு கொப்பி அடிச்சேன் சேர்! வெள்ளிக்கிழம... ஜும்ஆவுக்குப் போற அவசரத்துல. நீங்கதான் ஈரம் காயாம வாங்கிட்டுப் போனீங்க. யாருக்குக் குடுத்தீங்க?"

அம்பிகைபாகன் கிழிசலைச் சட்டைப்பையில் திணித்தான்.

எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தான்!

மேட்டில் ஒரு மாடி வீடு. கண்ணாடி யன்னல் ஒன்றுகூட உடையவில்லை. நகரசபையின் கட்டட வேலைகளை எடுத்துச் செய்யும் கொந்தராத்துக்காரர் நவரட்ணராஜாவின் வீடு. அம்பிகைபாகனின் அக்கா புருஷன். கலவரம் தொடங்கியதிலிருந்து அம்பிகைபாகனும் மனைவி பிள்ளைகளும் ஒதுங்கியிருப்பது அங்கேதான்.

"வா அம்பி. அக்கா இடியப்பம் அவிச்சிருக்கிறா."

"அத்தான்... மைதானக் கொந்தராத்துக்குக் கணக்குப் பார்க்க எண்டு என்னட்டை ஒரு பிளான் வாங்கினீங்கள். எங்கை அது?"

"ஏன்டாப்பா இப்ப? எங்கையாவது கிடக்கும்."

"கொஞ்சம் இஞ்சை கிடக்கு."

கிழிசலை மேசையில் வைத்தான். நவரட்ணராஜாவின் கண் அதில் பட்டு... சட்டென்று விலகியது.

"வீட்டுக்காரர் இடத்தை விட்டு எழும்பமாட்டம் எண்டு நிண்டினம். நான் மைதானத்தைச் சின்னதாக்கிக் கீறினன். உங்கடை கொந்தராத்தும் சின்னனாப் போச்சு. அதுதானே கொளுத்த வந்தவங்களிட்டைப் பிளானைக் குடுத்தனீங்கள்?"

"மெல்லக் கதை! அக்காவுக்குக் கேக்கும்... ஆக்களிலை கை வைக்கமாட்டம் எண்டுதான் சொன்னவங்கள்."

"என்ரை வீடும் அதுக்குள்ளை இருந்தது அத்தான்!"

"அதுக்குத்தானே அண்டைக்கு உன்னைக் குடும்பத்தோடை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டனான்!"

சொல்லி முடித்த பிறகுதான் நவரட்ணராஜா நாக்கைக் கடித்தார்.

அன்றைய ஆட்டிறைச்சிக் கறி அம்பிகைபாகனுக்குத் தொண்டை வரை வந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தான்!

"மூக்கையா...?"

"அவன் ஏன் குறுக்கை போனவன்? 'இது எங்க ஐயா கீறினது, குடுடா' எண்டு பறிச்சானாம். விசரன்!"

மூக்கையா ஒருநாளும் அம்பிகைபாகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'ஐயா'தான்.

நவரட்ணராஜா சிரித்தார். "சரி, போய்ச் சொல்லன். தமிழன்ரை வீடு எரிஞ்சதுக்கு எந்தப் பொலிசடா கேஸ் எழுதும்?"

"எழுதாது. வரேக்கை ஸ்டேசனுக்குப் போனனான் அத்தான். மூக்கையாவைப் பற்றிச் சொன்னன். இன்ஸ்பெக்டர் வீரக்கோன் தேத்தண்ணியை ஆத்தினார். பதினொரு தமிழ் வீட்டைப் பற்றிச் சொன்னன். ஒரு மிடறு குடிச்சார். பதினாலாம் வீட்டைப் பற்றிச் சொன்னன்..."

"சொல்ல?"

"கோப்பையை அப்படியே வச்சிட்டு எழும்பினார். பிரின்சிபல் அவற்ரை மாமனார்!"

யன்னலுக்கு வெளியே ஒரு காக்கித் தொப்பி உயர்ந்தது.

"எல்லாம் கேட்டது மாத்தயா," என்றார் வீரக்கோன், உடைந்த தமிழில். "ஜீப் கீழே நிக்குது."

நவரட்ணராஜாவின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. உள்ளே இடியப்பத் தட்டு விழுந்து உருளும் சத்தம்... அக்கா!

"அம்பி! நான் உன்ரை அத்தானடா! ஊருக்கு ஒரு பெரிய மைதானம் வரட்டும் எண்டுதானே..."

"கவலைப்படாதையுங்கோ அத்தான்," என்றான் அம்பிகைபாகன், கிழிசலைப் பத்திரமாக மடித்தபடி. "போகம்பரைச் சிறைக்குள்ளையும் மைதானம் இருக்காம்... சுத்துமதிலோடை! ஒருத்தற்ரை வீட்டையும் கொளுத்தத் தேவையில்லை!"