நாற்பத்து மூன்று முடிகள்

கதவு அவள் முதுகுக்குப் பின்னால்தான் திறந்தது. ஆனால் குளிர் அவள் நெற்றியில் பட்டது.

கிளினிக் மேனேஜர் ரன்ஹீ பேச்சை நிறுத்தவில்லை. எதிரே ஒரு தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சியோல் நகரத்து சின்சா பகுதியின் அழகு கிளினிக்குகளுக்கு இதுதான் அறுவடைக் காலம். நன்றாக எழுதிய பிள்ளைக்குப் பரிசாகப் புது மூக்கு, சரியாக எழுதாத பிள்ளைக்கு ஆறுதலாகப் புது இமை. இந்தப் பெண்ணுக்கு நெற்றி. அவள் நெற்றியில் ஒரு குறையும் இல்லை. அதை ரன்ஹீ சொல்லப்போவதில்லை.

"வச்ச முடி கொட்டிடாதே?" என்றாள் தாய். "இவளுக்கு அவங்க அப்பா வழித் தலை. அந்தக் குடும்பத்துல நாய்க்குக்கூட முடி நிக்காது."

"அம்மா!" என்றாள் மகள்.

"கொட்டாதுங்க," என்றாள் ரன்ஹீ. ஒரு நாளைக்கு எட்டு முறை சொல்லும் பதில் அது. "பின்னந்தலையில இருந்து எடுத்து முன்னாடி நடுறோம். எங்க நட்டாலும் அது பின்னந்தலை முடிதான். இடம் மாறினாலும் குணம் மாறாது. ஆயுசுக்கும் நிக்கும்."

பின்னால் வந்தவள் கிளினிக் உதவியாளர் மேங் அக்கா. தட்டில் பார்லி தேநீர் கொண்டுவந்திருந்தாள். கோப்பைகளை வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு மூடிக்கொண்டது. நெற்றியில் குளிரும் நின்றுபோனது.

ரன்ஹீ எதிர்ச் சுவரைப் பார்த்தாள். ஜன்னல் இல்லாத சுவர். காற்று வர வழியே இல்லை. தாயும் மகளும் போன பிறகு எழுந்துபோய்க் கதவைத் தானே திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றாள். நடைபாதையின் குளிர் வந்தது. புதிதாக முளைத்திருந்த நெற்றிமுடி ஒவ்வொன்றும் சிலிர்த்தது.

நரம்பு, என்று நினைத்துக்கொண்டாள். அறுத்த நரம்புகள் சேரும்போது இப்படித்தான் உளறும்.

மூன்று மாதத்துக்கு முன்புவரை அவள் நெற்றியின் நடுவில் முடி ஒரு கூராக இறங்கியிருந்தது. அவள் அம்மாவுக்கும் அப்படித்தான். அம்மா குன்சான் துறைமுகத்தில் மீன் காயவைக்கிறவள். ரன்ஹீக்கு ஒன்பது வயதில் அப்பா படகிலிருந்து விழுந்து இறந்தார். அந்தக் கூருக்கும் அந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட ஒரு முகக்குறி ஜோசியக்காரன் தேவைப்பட்டான். அவள் கட்டிக்கொள்ளப்போகிற சொக்வூவின் அம்மா, கோங் அம்மையார், ரன்ஹீயின் படத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போயிருந்தாள்.

சொக்வூ அதை ஒரு காபிக் கடையில் வைத்துச் சொன்னான். முகத்தைப் பார்க்காமல் உறிஞ்சுகுழலால் ஐஸ் கட்டிகளைக் குத்திக்கொண்டே.

"அந்தக் கூர் புருஷனைக் குத்துமாம். நான் நம்பல. ஆனா படத்தைப் பாத்ததுமே, 'இவ அம்மா விதவையா'ன்னு கேட்டானாம்."

"நீ நம்பல."

"சத்தியமா நம்பல. ஆனா உங்க கிளினிக்லயே பண்ணிக்கலாம்ல? ஸ்டாஃபுக்குச் சலுகை இருக்கும்ல?"

முப்பத்து நான்கு வயது. அம்மா போன் செய்தால் எழுந்து நின்று பேசுகிறவன். ரன்ஹீ அவனைப் பார்த்தாள். அவனோடு வரப்போகிற ஆற்றோர வீட்டையும் மனதில் பார்த்தாள். இந்தக் கல்யாணம் நின்றால் அவளுக்கு வேறு சியோல் இல்லை. வாடகை அறையும், பிறகு ஒருநாள் குன்சானும்தான். கருவாட்டு வாடை அடிக்கும் அந்தச் சந்து. டிசம்பரில் இரு குடும்பமும் சந்திக்கும் விருந்து. செப்டம்பரில் நட்டால் அதற்குள் முளைத்துவிடும்.

"சரி," என்றாள்.

டாக்டர் பியோன் அதை ஒரே காலையில் முடித்தார். மரத்துப்போக ஊசி மட்டும். முதலில் அவள் குப்புறப் படுத்தாள். பின்னந்தலையில் சிறு இயந்திரம் ரீங்கரிக்க, முடிகள் ஒவ்வொன்றாக வேரோடு வெளியே வந்தன. பிறகு மல்லாக்கப் படுத்தாள். கூரில் இருந்த முடிகளைப் பிடுங்கினார்கள். பக்கங்களில் புதிய முடியை நட்டு நெற்றியை உருண்டையாக்கினார்கள். மூலையில் மேங் அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, குளிர்ந்த உப்புநீர்த் தட்டில் முடிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடமாக அதே குனிவு. கழுத்தே ஒரு கேள்விக்குறியாக வளைந்துவிட்டது. மதியம் பொருள் வைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். ரன்ஹீ அவளிடம் வேலை சொல்வாள், பேசமாட்டாள்.

"கூர்ல எடுத்தது நாப்பத்து மூணு இருக்கு மேடம். கொட்டிடவா?"

"எதுக்குக் கொட்டணும்? பின்னாடி எடுத்த இடம் வெறிச்சுனு இருக்கும். நான் கொண்டை போடுறவ. அங்க நட்டுடுங்க."

டாக்டர் சிரித்தார். "நாப்பத்து மூணு முடிக்கா, மேனேஜர்?"

"என் முடிதானே, டாக்டர்."

மேங் அக்கா மட்டும் கொஞ்சம் தயங்கினாள். "முன்னாடி முடியைப் பின்னாடி யாரும் வைக்கிறதில்ல மேடம். நான் பாத்ததே இல்ல."

"நீங்க பாக்காததெல்லாம் நடக்காதா அக்கா? எண்ணிக் கொடுங்க போதும்."

எண்ணிக் கொடுத்தாள்.

நட்ட முடி மூன்றாம் வாரம் கொட்டும், மூன்றாம் மாதம் முளைக்கும். நெற்றியில் அப்படித்தான் நடந்தது. பின்னந்தலையில் வைத்த நாற்பத்து மூன்றும் கொட்டவில்லை. ஒன்றுகூட. கூர் அங்கே கூராகவே நின்றது.

குளியலறையில் பின்கழுத்தில் தண்ணீர் ஊற்றினால் நெற்றி நனைவதுபோல் இருந்தது. நெற்றி உலர்ந்திருந்தது. மெட்ரோவில், கம்பளிக் கோட்டுகளின் ஈர வாடைக்கும் யாரோ சாப்பிட்ட பூண்டு வாடைக்கும் நடுவே கம்பியைப் பிடித்து நின்றபோது, பின்னால் நிற்கும் அந்நியன் விடும் மூச்சு முழுவதும், சூடாக, சீராக, அவள் நெற்றியின் உருண்டைக் கோட்டில் வந்து படிந்துகொண்டே இருந்தது. எதிரே யாருமில்லை. இருட்டுக் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் ஆடியது.

விருந்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கொண்டை போட முடியாமல் போனது. பின்னந்தலையில், அந்தக் கூருக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு முடி உதிர்ந்திருந்தது. தடவினால் வழுவழுப்பு. முன்னால் வேறு தொல்லை. உருண்டைக் கோடு தினமும் கொஞ்சம் கீழே இறங்கியது. காலையில் புருவம்வரை சிரைத்துவிட்டு வந்தால் மாலையில் விரலுக்குச் சொரசொரப்பு.

டாக்டரிடம் போகுமுன் மேங் அக்காவைக் கூப்பிட்டாள். வேலையாட்களில் வாயைத் திறக்காதவள் அவள் ஒருத்திதான். தான் மதிக்காத ஒருத்தியிடம் காட்டுவதில் வெட்கமும் இல்லை. தலைத்தோல் பார்க்கும் கேமராவை மேங் அக்கா பின்னந்தலையில் வைத்தாள். திரையில் படம் விரிந்தது.

மேங் அக்கா கேமராவை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"சொல்லுங்க அக்கா. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"மேடம், இது தலைத்தோல் இல்ல."

"வேற என்ன?"

"நெத்தித் தோல். நான் ஒரு நாளைக்கு எத்தனை நெத்தி பாக்குறேன். எண்ணெய்த் துளை பாருங்க. கோடு பாருங்க. ரெண்டு கோடு, குறுக்கால."

"வயசாயிடுச்சு உங்களுக்கு. கண்ணு போச்சு."

"புருவத்தை ஒரு தடவை தூக்குங்க மேடம்."

ரன்ஹீ தூக்கினாள். திரையில் இரண்டு கோடுகளும் மடிந்தன. ஆழமாக. பிறகு விரிந்தன.

எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை.

மேங் அக்கா கேமராவைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலால், தொடாமல், கழுத்துப் பக்கம் காட்டினாள். "கீழ ரெண்டு மேடு தெரியுது. பக்கத்துல பக்கத்துல. அதை நான் பாக்கல மேடம். என்னைப் பாக்கச் சொல்லாதீங்க."

"பயந்தாங்கொள்ளி," என்றாள் ரன்ஹீ. திரையை அணைத்தாள்.

டாக்டர் பியோன் சலித்துக்கொண்டார். கல்யாணப் பதற்றத்தில் வட்டமாக முடி உதிர்வது சகஜம் என்றார். மருந்து ஊசி போடலாம் என்றார். அவள் முகம் புதைக்கும் குழிமெத்தையில் குப்புறப் படுத்தாள். ஸ்பிரிட் வாடை. காதருகே ரப்பர் கையுறையின் சலசலப்பு. முகத்தைச் சுற்றி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

விளக்கைக் கிட்டே இழுத்தார்.

சிவந்தது.

இருட்டு முழுக்கச் சிவந்தது. வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்தால் வருமே, அந்தச் சிவப்பு. அதன் குறுக்கே மெலிதாக ஒரு நிழல் இறங்கியது.

"வேணாம்!"

அவர் கை நின்றது. "இன்னும் தொடவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?"

அவள் எழுந்து கூந்தலைப் பின்னால் இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். சிவப்பு அணைந்தது. இமைகள், என்று நினைத்தாள். மூடிய இமைகள். அதற்கு மேல் நினைக்கவில்லை.

விருந்தைத் தள்ளிப்போட வழியில்லை. கோங் அம்மையார் நல்ல நாள் பார்த்துக் குறித்தது. தள்ளிப்போட்டால் அதற்கும் ஜோசியன் ஒரு காரணம் சொல்வான். ரன்ஹீ அன்று காலை இருமுறை சிரைத்தாள், முகத்தில் ஒப்பனை மாவு பூசினாள், கூந்தலைத் தாழவிட்டாள். விருந்து இரண்டு மணி நேரம்தான். பிறகு மோதிரம். பிறகு இந்த முகங்களை மதிக்கவே தேவையில்லை.

உணவகத்தின் தனியறையில் தரை இதமாகச் சுட்டது. காகிதக் கதவுகள். நல்லெண்ணெய் வாடை, சோயாவில் வெந்த மீனின் வாடை. அவளுடைய அம்மா குன்சானிலிருந்து ஒரு கட்டுக் கருவாட்டைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அந்த வாடைதான் எல்லாவற்றையும் மீறி அடித்தது. ரன்ஹீக்கு அம்மாவின் விரல்களைப் பார்க்கவே கூசியது.

கோங் அம்மையார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். துணி எடுக்கும்போது பார்ப்பதுபோல.

"ம். உருண்டையா வந்திருக்கு. இப்பத்தான் பாக்குற மாதிரி இருக்கே." அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீங்களும் பண்ணிக்கலாமே சம்பந்தி. பொண்ணு அங்கதானே இருக்கா."

"எனக்கு எதுக்குங்க?" என்றாள் அம்மா, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே. "குத்துறதுக்குத்தான் வீட்ல ஆள் இல்லையே."

சொக்வூவுக்குப் புரை ஏறியது. கோங் அம்மையாரின் முகம் சிவந்தது. ரன்ஹீ அம்மாவை வெறுப்போடு பார்த்தாள். ஆனால் பார்வை மங்கியிருந்தது. முகத்தில் மாவுக்கு அடியில் அரித்தது. சிரைத்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"சரி சரி," என்றாள் கோங் அம்மையார். நகர்ந்து வந்து, சுவரோரம் மெத்தைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பொண்ணே, முறையா ஒரு வணக்கம் வை. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அது தெரியுமான்னு பாக்கலாம்."

"பரவால்லம்மா, ரன்ஹீக்கு..." என்றான் சொக்வூ.

"நீ இருடா."

வைக்காவிட்டால் முடிந்தது. ரன்ஹீ எழுந்தாள். கைகளைக் கோத்து உயர்த்தினாள். மெல்ல மண்டியிட்டாள். கோங் அம்மையாரின் வெள்ளைக் காலுறைக்கு முன்னால் கைகளைத் தரையில் வைத்தாள். நெற்றியைக் கைகளின்மேல் பதித்தாள்.

கூந்தல் பிரிந்து முன்னால் சரிந்தது.

பின்கழுத்தில் அறையின் சூடு பட்டது.

சிவப்பு.

பிறகு ஒரு கீற்று. ஒட்டியிருந்த ஏதோ மெல்லப் பிரிந்தது. ஈரமாக.

கூரை விளக்கு. அதைச் சுற்றிக் காகித வட்டம். ஒரு பூச்சி. எல்லாம் கழுவிவிட்டது போலத் தெளிவு. அப்புறம் ஒரு தாடை, அடியிலிருந்து. தாடையின் கீழ் சரியாகப் பரவாத மாவு. கோங் அம்மையார் ஆசி சொல்லக் குனிந்துகொண்டிருந்தாள். குனிந்தவள் நின்றாள். அவள் கண்கள் ரன்ஹீயின் கண்களுக்குள் நேராகப் பார்த்தன.

ரன்ஹீயின் நெற்றி இன்னும் கைகளின்மேல்தான் இருந்தது.

கண்களை இறுக்கி மூடினாள். விளக்கு மறையவில்லை. தாடை மறையவில்லை. அவள் மூடியது வேறு கண்களை.

கோங் அம்மையாரின் வாய் திறந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. சொக்வூ மேசையைத் தள்ளிக்கொண்டு ஓடினான். கோப்பைகள் உருண்டன. கதவுக் காகிதம் கிழிந்தது.

அம்மா மட்டும் கத்தவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து வந்தாள். அவள் முகம் மேலே தெரிந்தது, மிக அருகில். நெற்றிக் கூர். சுருக்கங்கள். உப்பும் கருவாடும் நாறும் கட்டைவிரல் இறங்கி வந்து, பின்னந்தலையில் இருந்த கூரை ஒருமுறை நீவிவிட்டது.

"இதோ இருக்கா என் பொண்ணு," என்றாள் அம்மா. "எங்கடி போயிட்டேன்னு பாத்தேன்."

ரன்ஹீ தலையை நிமிர்த்தினாள். விளக்கு நழுவியது. அம்மா நழுவினாள். கிழிந்த கதவு தெரிந்தது, அவள் உள்ளே வந்த கதவு, முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு. முன்னால், கோங் அம்மையாரின் ஓலம் வரும் பக்கம், எதுவும் இல்லை. இருட்டு.

கையைத் தூக்கி முகத்தைத் தொட்டாள்.

விரல்கள் புதைந்தன. கீழே தேடினாள். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் முடி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் முடி. வாய் இருக்க வேண்டிய இடத்தில். தாடைவரை. அடர்த்தியாக, மிருதுவாக, ஒரு இடைவெளியும் இல்லாமல்.