கூடப் போன பெரியவர்

கட்டைக்கால்கள் மேல் நிற்கும் பழைய வீடு அது. கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு மணல்மேடு. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கென்றே ஜூன் மாதத்தில் வாடகைக்கு விடுவார்கள். முற்பகலில் வண்டியை நிறுத்திவிட்டு என் மகள் டெலானியின் பெட்டியை மேலே தூக்கிப் போனேன்.

பள்ளி முடித்ததும் பிள்ளைகள் தனியாகப் போய்த் தங்கும் இந்தக் கடற்கரை வாரமே எனக்குப் பிடிக்காது. பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியும் போட்டு மேடை ஏறி இறங்கிவிட்டால் பெரிய மனுஷி ஆகிவிடுவாளா? வீட்டில் ஒரு மாதம் சண்டை. "அவளுக்குப் பதினெட்டு ஆச்சு, எப்ப விடப்போற? உன் சவப்பெட்டிய மூடின பிறகா?" என்றாள் என் மனைவி மார்லீன். கடைசியில் ஒன்று சொன்னேன். பெரியவர் யாராவது கூடத் தங்கினால் போகட்டும், இல்லையென்றால் கிடையாது.

கதவைத் திறந்ததும் அடித்தது நாற்றம். நீர் வற்றிய கழிமுகச் சேற்று நாற்றம். உள்ளே குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"யாரு உள்ள?"

"பிரன்னாவோட புது அம்மாவா இருக்கும். முன்னாடியே வந்துட்டாங்க போல," என்றாள் டெலானி.

டெலானியின் தோழி பிரன்னாவின் அப்பா கார்ல் வசந்தத்தில்தான் இரண்டாம் கல்யாணம் செய்திருந்தான். அந்தப் பெண்ணை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"மேடம், நான் டெலானியோட அப்பா!" என்று கத்தினேன்.

தண்ணீர் நின்றது. கதவு ஒரு சாண் திறந்து வெளுத்த கை ஒன்று வெளியே வந்தது. அசைந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிக் கிடந்தது, வெகுநேரம் தண்ணீரில் ஊறினாற்போல.

"அந்தம்மா சொல்றதக் கேளு. எதுத்துப் பேசின, பல்லு இருக்காது," என்றேன் மகளிடம்.

"சரிப்பா. கிளம்புங்க முதல்ல, என் ஃப்ரெண்ட்ஸ் வந்து உங்க சட்டைய பாத்தா மானம் போயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மற்ற இரண்டு பெண்கள், பிரன்னாவும் ஷெல்பியும், வேறு காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மார்லீன் மகளிடம் போனில் பேசிப் பேசிப் பூரித்தாள். அந்தம்மா சமைக்கிறாளாம். பீரை எல்லாம் கொட்டிவிட்டாளாம். பிள்ளைகளுக்குத் தலை வாரி விடுகிறாளாம். எனக்குத்தான் உறுத்தியது.

"அவ பேரு என்ன?"

"பேரா? பிள்ளைங்க மேம்னு கூப்பிடுதுங்க. நம்ம ஊர்ல எந்தப் பிள்ள பெரியவங்க பேரக் கேக்குது? நீதான அப்படி வளத்த?"

கார்லுக்கு போன் போட்டேன். உன் பெண்டாட்டிக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்றுதான்.

"எம் பெண்டாட்டியா?" என்றான் கார்ல். "அவ இங்க சோபாவுல கால நீட்டிப் படுத்திருக்கா. உன் பெண்டாட்டியோட அக்காதான போயிருக்கு? டெலானியோட பெரியம்மான்னு பிரன்னா சொன்னாளே!"

"மார்லீனுக்கு அக்காவே கிடையாது, கார்ல்."



"ஷெல்பி வீட்டு ஆளா இருக்கும்," என்றான் மெதுவாக.

ஷெல்பிக்கு அம்மா இல்லை. அப்பன் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ டெக்சாஸில் கிடந்தான்.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. வாசல் படிக்கட்டில் பிரன்னாவும் ஷெல்பியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடி நனைந்து, மண்டையோடு ஒட்ட வாரியிருந்தது. மடியில் தட்டு. தட்டில் ஈர மணல்.

பிரன்னா அதைக் கரண்டியால் அள்ளி வாயில் வைத்தாள்.

மென்றாள்.

"டெலானி எங்க?"

"சத்தம் போடாதீங்க," என்று கிசுகிசுத்தாள் ஷெல்பி. "மேமுக்குப் பிடிக்காது."

"எங்கடீ அவ?"

"கடல்ல. மேம் கூட. எங்களையும் தினமும் கூட்டிட்டுப் போனாங்க. கழுத்து வரைக்கும். நாங்க அழுதோம்." மணலை விழுங்கினாள். "டெலானி அழவே இல்ல. அவதான் சொன்ன பேச்சு கேக்குற பொண்ணாம்."

மணல்மேட்டில் ஏறினேன்.

இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேர். என் மகள். அவள் கையைப் பிடித்தபடி ஒரு பெண், முதுகு காட்டி. அலை வந்து வந்து அடித்தது. டெலானி தள்ளாடினாள். அந்தப் பெண் அசையவில்லை. அலை அவள்மேல் உடையவே இல்லை.

"டெலானி! கைய உதறு! ஓடி வா!"

டெலானி திரும்பினாள். அவள் முகத்தில் இருந்த பயத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். உதடெல்லாம் நீலம். ஆனாலும் கையை உதறவில்லை.

"அப்பா, மேம் வரச் சொல்றாங்க," என்றாள், குளிரில் பல் கிட்டிப்போக. "நீங்கதான சொன்னீங்க, எதுத்துப் பேசக் கூடாதுன்னு."

"நான்தான் சொல்றேன், வாடி!"

அவள் அந்தப் பெண்ணை அண்ணாந்து பார்த்தாள். வரலாமா என்று கேட்பதுபோல.

அந்தத் தலை இடவலமாக அசைந்தது.

இரண்டு பேரும் நடந்தார்கள். நான் தண்ணீரில் விழுந்து, எழுந்து, கத்தி, உப்பைக் குடித்துக்கொண்டு போனேன். இடுப்பளவில் அவர்கள் நின்ற இடத்தில் எனக்குக் கால் எட்டவில்லை. ஆழம்.

படகு விட்டுத் தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் நான்காவதாக ஆள் தங்கிய அடையாளமே இல்லை என்று போலீஸ்காரன் சொன்னான். பிரன்னாவும் ஷெல்பியும் இன்றுவரை ஒழுங்காகச் சோறு தின்பதில்லை. மார்லீன் என்னோடு பேசுவதில்லை. ஒரே ஒருமுறை பேசினாள். "பெரியவங்க வேணும்னு நீதான கேட்ட," என்றாள்.

அடுத்த ஜூன். முடிதிருத்தும் கடையில் எனக்கு முந்தின நாற்காலியில் இருந்தவன் தன் மகனைக் கடற்கரைக்கு அனுப்பிய கதையை அளந்துகொண்டிருந்தான். வேறு கடற்கரை, வேறு வீடு.

"தனியா விடுவேனா? கூட ஒரு லேடி இருக்காங்கல்ல."

"யாரு அது?" என்றேன்.

"பசங்கள்ல யாருக்கோ அக்காவாம். சின்ன வயசுதான், ஆனா பொறுப்பு."

"எந்தப் பையனுக்கு அக்கா?"

"உனக்கு என்னய்யா பிரச்சன?" என்று முறைத்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். கடைக்காரன் இடையில் புகுந்து விலக்கினான். மகளைக் கடலில் பறிகொடுத்தவன் நான் என்று தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆள் முகம் மாறியது. தானே மகனின் எண்ணைப் போட்டு, "இந்தா, நீயே கேட்டுக்க," என்று போனை நீட்டினான்.

மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"யாரு பேசறது?" என்றேன்.

"பசங்க கடல்ல குளிக்கறாங்க சார்," என்றது ஒரு பெண் குரல், அடக்கமாக. "நான் அவங்க கூட வந்த பெரியவ."

டெலானியின் குரல்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீங்க எந்தப் பையனோட அப்பா, சார்?" என்றாள்.